விளிம்பில் அடிபட்ட டப்பாக்கள்

அவள் செத்த பிறகு, அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல அந்த உணவுப்பொருள் கிடங்கில் யாரும் வாய் திறக்கவில்லை. முப்பத்தோரு வருடம் அங்கே வேலை பார்த்தவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் 'ஆணி'.

கிடங்கின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. விழுந்தது, நசுங்கியது, கிழிந்தது எல்லாம் அங்கே வரும். ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டுவாள். வயிற்றுப் பக்கம் லேசான பள்ளம் என்றால் பரவாயில்லை. மூடியும் உடம்பும் சேருகிற விளிம்பில் அடி என்றால் தள்ளிவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும், சாப்பாடு விஷமாக. துருவைத் துணியால் துடைப்பாள். போகாவிட்டால் அதுவும் குப்பை.

இதற்காக யாரும் அவளை வெறுக்கவில்லை. தள்ளியதையெல்லாம் ஆணி வைத்து ஓட்டை போட்ட பிறகுதான் தொட்டியில் போடுவாள், அதற்குத்தான் வெறுத்தார்கள். வந்த புதிதில் முழுசாகப் போட்டிருக்கிறாள். காலையில் தொட்டி காலியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே டப்பாக்கள் தெருமுனைக் கடையில் அடுக்கியிருந்தன. அன்று எடுத்த ஆணி. உப்பிய டப்பாவை மட்டும் குத்தமாட்டாள், பீய்ச்சியடிக்கும். இரட்டைப் பையில் கட்டிவிடுவாள்.

"தானும் திங்கமாட்டா, அடுத்தவனையும் திங்கவிடமாட்டா" என்று சுமை தூக்குகிறவர்கள் அவள் காதுபடவே சொல்வார்கள்.

தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது அவள்தான். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். இன்னும் இரண்டு வாரத்தில் நிரந்தரமாகியிருக்க வேண்டியவன், ஒரு மத்தியானம் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்து அடுக்கின் மேல் மோதினான். மீன் டப்பாக்கள் தொண்ணூற்றுச் சொச்சம் தரையில் உருண்டன.

மேலாளர் பின்னறைக்கே வந்தார். "பத்துக்கு மேல தள்ளாம எழுதிக் குடுங்கம்மா. விபத்துன்னே காட்டமாட்டேன், தம்பி வேலை உறுதியாயிடும். மிச்சமெல்லாம் ஹாஸ்டல் சமையலுக்குத்தான் போகுது."

அவள் அறுபத்தோரு டப்பாவை இடது பக்கம் தள்ளினாள்.

கேள்விப்பட்டுத் தம்பி வந்தான். "நாலு பேர் முன்னாடி என்னைக் கேவலப்படுத்தணும், அதானே உனக்கு?"

"விளிம்புல அடிடா. நான் என்ன பண்ண?"

"கண்ணை மூடிக்கோ. அக்கான்னு ஒருத்தி எதுக்கு இருக்கா?"

"திங்கப்போறது யார் பெத்த புள்ளைங்களோ."

"நீ பெத்தது இல்லல்ல. பெத்திருந்தாதானே."

அவள் அடுத்த டப்பாவை எடுத்தாள். அவன் இடது பக்கக் குவியலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, வளையத்தை இழுத்து மூடியைக் கிழித்தான். அவள் பறிக்க எழுந்தபோது தோளால் இடித்துத் தள்ளினான். வாசலில் சுமையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே கையால் வழித்து முழு டப்பாவையும் தின்று முடித்தான்.

"போதுமா மேடம்? நாளைக்கு வந்து பேசிக்கிறேன்."

தள்ளிய கணக்குத் தாளில் அவள் அன்று கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலை தம்பி பெண்டாட்டிக்குப் போன் செய்தாள்.

"அவனுக்குக் கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதா? பேச்சு குழறுதா? டப்பா விஷம்னா அப்படித்தான் ஆரம்பிக்கும். எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. மறுபடி போன் செய்து அதையே கேட்டாள். "இன்னும் சாகலையான்னு தினமும் பாக்குறீங்களா அண்ணி?" என்று சொல்லிவிட்டுத் தம்பி பெண்டாட்டி போனை வைத்தாள். அதன்பிறகு எடுக்கவில்லை. அதனால் மூன்றாம் நாள் காலை, அக்கா கதவு திறப்பதற்கு முன்பே வந்து கிடங்கு வாசலில் நின்றாள். அவன் பீடி பிடித்தபடி வந்தான். கால் தடுமாறவில்லை.

"நல்லாப் பாத்துக்கோ. கல்லுமாதிரி இருக்கேன். இப்ப என்ன சொல்ற?"

"நீ தின்ன டப்பா நல்லாயிருந்திருக்கு."

"அப்புறம்?"

"மிச்சம் அறுபது இருக்கு. எது கெட்டதுன்னு தெரியாது. தெரியாததாலதான் எல்லாத்தையும் தள்ளுறேன்."

அவன் பீடியை அவள் காலடியில் வீசிவிட்டு உள்ளே போனான். அவள் பின்னறைக்குப் போய் அறுபத்தொன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அறுபதையும் ஒவ்வொன்றாகக் குத்தினாள். மத்தியானத்துக்குள் வண்டிச் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவனைச் சுமை தூக்கப் போட்டார்கள்.

தொட்டிக்குக் கொண்டுபோகிற வேலை அவனுக்கே வந்தது. ஓட்டை டப்பாக்கள் நிறைந்த சாக்கைத் தோளில் ஏற்றினான். மீன் எண்ணெய் சட்டைக்குள் வழிந்தது. வழி குறுகல். அவள் மேஜையோரம் நின்றிருந்தாள், ஏதோ சொல்ல வந்தவள்போல.

"தள்ளு" என்றான்.

அவள் ஒதுங்கினாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். அவன் அவளிடம் வேறு வார்த்தை பேசவில்லை.