ஹரோல்டின் கவுண்டியில் என் ஒரு வாக்கு

ஒரே புல்தரையில் இரண்டு பலகைகள். ஒன்றில் யானைக் கட்சி வேட்பாளரின் பெயர், மற்றதில் கழுதைக் கட்சிக்காரரின் பெயர். பக்கத்து வீட்டில் இருக்கும் ஹரோல்ட், பெட்டி என்ற வயதான கணவன் மனைவியின் முற்றம் அது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. எங்கள் ஊரான லிங்கநகரில் வளர்ந்தவனுக்கு இந்தக் காட்சிக்கு ஒரேயொரு அர்த்தம்தான் உண்டு: குடும்பம் பிரிந்து, வளவையும் பங்கு போட்டுவிட்டார்கள். மிகுந்த அனுதாபத்தோடு பெட்டியிடம், "எந்தப் பக்கத்துக் குசினி உங்களுக்கு வந்தது?" என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு, "குசினி முழுக்க, அடுப்போடு, என்னுடையது. குப்பை வாளிதான் ஹரோல்டுடையது" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை பிடித்தது. ஒரு வீடே இப்படியென்றால் கவுண்டி முழுவதும் எப்படி இருக்கும்? கவுண்டி என்றால் நம்மூர்க் கணக்கில் ஒரு மாவட்டம். நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, தேர்தலுக்கு ஒன்றாக வரைபடம் கீறத் தொடங்கினேன். ஊரிலும் ஒரு யானைச் சின்னக் கட்சி உண்டு, அதன் நிறம் பச்சை; அந்தப் பழக்கத்தில் யானைக்குப் பச்சை, கழுதைக்கு மஞ்சள். உலகப் போர் முடிந்த காலத்தில் இது சோளக் காணி, எங்கும் பச்சை. பிறகு நகரத்திலிருந்து பெருந்தெரு வந்தது, வீடுகள் முளைத்தன, ஆசிரியர்களும் கந்தோர்க்காரரும் குடிவந்தார்கள். ரயில் நிலையத்தைச் சுற்றி மஞ்சள் பொட்டுகள் விழுந்தன. ஒரு தேர்தலில் கவுண்டியே மஞ்சளாகி, அடுத்ததில் திரும்பப் பச்சையானது. ஆனாலும் ஓரங்களில் மஞ்சள் ஊறிக்கொண்டே வந்தது.

இங்கே ஆட்கள் கட்சி மாறினால் நிறம் மட்டுமே மாறுகிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊரில் எங்கள் மாமா ஒருமுறை கட்சி மாறினார். அவருடைய மகளின் கலியாணத்துக்கு எங்கள் தெருவில் ஒருவரும் போகவில்லை. அம்மா அவருடைய சொந்தத் தங்கை, அவவும் போகவில்லை. ஆக்கிய சோறு அண்டாவிலேயே கிடந்ததாம். எங்கள் மாவட்டத்தின் வாக்குக் கணக்கும் மாறித்தான் இருக்கிறது, யாரும் மனம் மாறியதால் மட்டும் மாறவில்லை. கந்தளாய்ப் பக்கம் வேறு மொழி பேசும் ஆட்களை அரசாங்கம் கொண்டுவந்து குடியேற்றியது, கணக்கு மாறியது. வந்தவர்களும் காணியில்லாத ஏழைக் கமக்காரர்தான். எங்களுக்கோ அன்றிலிருந்து நித்திரை குறைந்தது. ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வரைபடங்களை வேலியடியில் வைத்து ஹரோல்டுக்குக் காட்டினேன். மஞ்சளில் விரலை வைத்தார். "நான் ஒருநாளும் பச்சையிலிருந்து மாறவில்லை. எங்கள் மகனைப் போருக்குக் கூப்பிட்ட வருடம் பெட்டி மாறினாள். மற்றதெல்லாம் வந்தவர்கள் செய்த வேலை."

வந்தவர்கள் என்ற சொல் என் காதில் விழுந்ததும் ஒரு அடி பின்னுக்குப் போனேன். எங்களூரில் அதற்கடுத்து வருவது கல். ஹரோல்ட் உள்ளே போய் ஒரு கூடை தக்காளியோடு வந்தார். "அவர்களுக்கு இதை விற்கிறேன். உனக்குச் சும்மா." தன் கவுண்டியை இழந்துகொண்டிருக்கும் மனிதர், வேறொன்றையும் இழக்கவில்லை. அந்த மனிதரைப் பார்த்து அன்று நான் பட்ட பொறாமையை எந்தப் பணக்காரனைப் பார்த்தும் பட்டதில்லை.

அந்தக் கிழமைதான் என் அறைத் தோழன் நசீர், எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாக்காரன், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினான்.

"மச்சான், ஊரில போன தேர்தல்ல உன்ட வோட்ட ஆரோ போட்டுட்டாங்களாம்."

"ஆருக்குப் போட்டவங்கள்?"

"உன்னட்டக் கேட்டுட்டோ போடுவாங்கள்? நீ இஞ்ச இருந்து படம் கீறு."

அந்தக் கள்ளன் மீதும் பொறாமைப்பட்டேன். அவனாவது வாக்குப் பெட்டிக்குள் ஒன்றைப் போட்டிருக்கிறான். எனக்கு இங்கே வாக்கில்லை. குடியுரிமை கேட்கும் தகுதி இந்த வருடம் வந்துவிட்டது. என்னைத் தெரிந்த இரண்டு குடிமக்கள் சாட்சி சொல்ல வேண்டும். பெட்டி உடனே சம்மதித்தார்.

"மற்ற ஆள்?" என்றான் நசீர்.

"ஹரோல்ட்."

"உனக்கென்ன விசரா? அந்தாளின்ட வோட்டை வெட்டுறதுக்கு அந்தாளையே சாட்சிக்குக் கூப்பிடப் போறியா?"

ஓம், கூப்பிடத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்திலிருந்து திரும்பியதும் கதவைத் தட்டி, என் நிறம் மஞ்சள் என்று முதலில் சொல்லிவிட்டே கேட்பேன். அவர் சம்மதித்தால், கந்தளாய்க்கு வந்தவர்களைப் போல நானும் இன்னொருவரின் கணக்கை மாற்ற வந்தவனாகிவிடுவேன். அடுத்த தேர்தலிலும் லிங்கநகரில் யாரோ ஒருவன் வாக்குச்சாவடி வரிசையில் நின்று, என் பெயரைக் கூப்பிட்டதும் கையை உயர்த்துவான்.