யானைக்கு வைத்த வெடி

என் மாமாவுக்கு எதையும் சாதாரணமாகச் செய்யத் தெரியாது. சேரம்பாடிப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டில் பலா பழுத்தால் யானை வரும். லைன் வீட்டு ஜனமெல்லாம் தட்டைத் தட்டிக் கூச்சல் போடும், ஒன்றிரண்டு வெடி போடும், யானை போய்விடும். இதுதான் வழக்கம். மாமாவுக்கு இது போதவில்லை. அன்று சாயங்காலம் காலி தகர டிரம் ஒன்றை உருட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

"அக்கா, வெடியை இதுக்குள்ள போடுறேன் பாரு, ஆனை கேரளா தாண்டித்தான் நிக்கும்!" என்று அம்மாவிடம் சவால் விட்டார்.

யானையைக் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. ஒளிந்து பார்க்கத் தோதான இடம் அந்த டிரம்முக்குப் பின்னால்தான் இருந்தது. நான் அங்கே போய் உட்கார்ந்தது மாமாவுக்குத் தெரியாது.

அடேயப்பா, என்ன வெடி! மண்டைக்குள்ளேயே வெடித்த மாதிரி இருந்தது. பிறகு 'ங்ஙொய்' என்று ஒரே இரைச்சல், வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், மாமா கையைப் பிசைகிறார், நாய் சத்தமில்லாமல் குரைக்கிறது. யானையோ காதை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பதுபோல எனக்கு ஒரே ஜாலி. விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம்தான் பகீரென்றது. மறுநாள் மாதா கோயில் திருவிழா. பூசையின் முதல் பாட்டை நான் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இடம் அது. பாடிப் பார்த்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓவென்று அழுதேன், அதுவும் கேட்கவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்தார். ஃபாக்டரியில் கொழுந்து அரைக்கும் மிஷின்களுக்கு நடுவே அவருக்கு வேலை. வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். எப்போதும் கோபமாகவே இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்று கோபிக்கவில்லை. என் முன்னால் குந்தி, தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி, உதட்டை அகல அகல அசைத்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சத்தம் கேட்காமலேயே எனக்கு எல்லாம் புரிந்தது.

"அழுவாத கண்ணு. மொதல்லயெல்லாம் எனக்கும் இப்படித்தான், காத்தால சரியாப் போயிரும்."

அவருக்கு இந்த வித்தை எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

காலையில் விழித்தால் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது! கோழி கூவுவது கேட்டது, அம்மா மாமாவைத் திட்டுவது கேட்டது! கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

கோயிலில் தொண்டை கிழியப் பாடினேன். எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிற அப்பா அன்று முதல் வரிசைக்கே வந்துவிட்டார். நான் பாடி முடிக்கிறவரை அவர் கண் என் உதட்டை விட்டு நகரவில்லை. என் குரலில் அப்பா சொக்கிப் போய்விட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.