தாலிய கழட்டுறதுக்கு முன்னாடி மிஸ்கிட்ட கேட்டது

ஏன்டி, ஒனக்கு வேற சோலி இல்லியா? நானும் அந்த புத்தகம் எழுதுற மிஸ்ஸும் என்ன பேசுனோம்னு தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? பரீட்சைக்கா வரப்போவுது? கொழுந்து பறிக்கிற கைய விட ஒன் காதுதான்டி வேகமா வேலை செய்யுது. சரி, ஒக்காரு. சொல்லித் தொலைக்கிறேன்.

நமுனுகுல பக்கம் எங்க தோட்டத்து லயத்து வரிசை வீடுக மேல மலை சரிஞ்சு வந்தப்ப நான் ஹாலிஎலயில மக வீட்டுல இருந்தேன். எங்க வீட்டு மனுசன் மட்டும் லயத்துல எங்க ஒத்த ரூம்பு காம்பராவுல. மழை விட்டா வெலிமடைக்குப் போயி வெத கெழங்கு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாரு. பெக்கோ மிசினு தோண்டுச்சு, ஆமிக்காரங்க தோண்டுனாங்க. மத்தவங்கள எல்லாம் எடுத்தாங்க, இவர எடுக்கல. மண்ணு இன்னும் வழுக்குதுன்னு அப்புறம் நிப்பாட்டிட்டாங்க.

"சட்டைய வச்சு, நாலு பிடி மண்ண வச்சு கருமாதிய முடிச்சிருவோம்மா"ன்னு மகன் கெஞ்சுனான். பொணம் கெடைக்கலன்னா எங்க ஆளுக அப்படித்தான் செய்வாங்க. ஆனா கருமாதின்னா தாலிய கழட்டணும்ல.

"ஒங்கப்பன் வெலிமடைக்குப் போன மனுசன்டா. கெழங்கு மூட்டைய எறக்கி வச்சிட்டு என் வெறுங் கழுத்தப் பாத்தா என்ன சொல்லுவாரு?"

மாசக்கணக்கா இதையே சொல்லிக்கிட்டிருந்தேன். மகன் மொட்டையும் போடாம, கோயிலுக்கும் போகாம திரிஞ்சான். வீட்டுல நல்லது செய்யலாமா கூடாதான்னு யாருக்கும் வெளங்கல.

அப்பத்தான் அந்த மிஸ் வந்துச்சு. விஞ்ஞானப் புத்தகம் எழுதுற பொண்ணு. மலை ஏன் சரியுதுன்னு அடுத்த புத்தகமாம். லயம் போனப்புறம் எங்களுக்குக் குடுத்த தகரக் கொட்டாயில பாயில ஒக்காந்து, சீனி போடாத தேத்தண்ணிய மொகம் சுளிக்காம குடிச்சுச்சு. நான் சும்மா விடுவனா.

"மிஸ், இந்த ஒலகம் எப்படி வந்துச்சு?"

"ஒரு காலத்துல எல்லாமே ரொம்ப நெருக்கமா, சூடா இருந்துச்சும்மா. அப்புறம் விரிஞ்சுச்சு."

"எங்க காம்பராவும் அப்படித்தான் இருந்துச்சு, நெருக்கமா, சூடா. அது மட்டும் கடைசி வரைக்கும் விரியல. சரி, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தெரியாதும்மா."

"சாமி இருக்கா?"

"அதுவும் தெரியாது."

"இம்புட்டு தெரியாம எப்படி மிஸ் புத்தகம் எழுதுறீங்க? நானே எழுதியிருப்பேனே."

சிரிச்சுச்சு. எனக்குத்தான் உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. எங்களப் பாக்க வந்த தோட்டத்துத் தொரை, பூசாரி, ஓட்டு கேக்கிறவரு, எதக் கேட்டாலும் தெரியும்னுதான் சொன்னாங்க. இது தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது. அப்ப தெரியும்னு ஒண்ணு சொன்னா அது நெசமாத்தான் இருக்கும். அந்தத் தைரியத்துல கேட்டுட்டேன்.

"அந்த மண்ணுக்குள்ள மாட்டுன மனுசன் இன்னும் உசுரோட இருப்பாரா?"

கோப்பைய கீழ வச்சுச்சு. "இல்லம்மா. அது எனக்குத் தெரியும்."

"வெலிமடைக்குப் போயிருந்தாருன்னா?"

"அன்னைக்கு பஸ் ஓடுச்சாம்மா?"

ரோடு எல்லாம் அடைச்சுக் கெடந்துச்சுடி. எனக்கும் தெரியும், எங்க ஆளுக எல்லாருக்கும் தெரியும். என் மொகத்துக்கு நேரா யாரும் கேட்டதில்ல.

"ஓடல"ன்னேன்.

அப்புறம் நாந்தான் கேட்டேன்.

"அப்ப அவரு என்ன ஆவாரு மிஸ்?"

"மண்ணோட மண்ணாயிருவாரும்மா. ஒடம்புல உள்ள சத்த செடி வேரு இழுத்துக்கும்."

"அங்க மறுபடி தேயில நட்டா கொழுந்துல ஏறுவாரா?"

"கொஞ்சம் ஏறலாம்."

"பாத்தீங்களா. கொழும்பக் கண்ணால பாக்காத மனுசன், இனி தேயிலப் பொட்டியில ஏறி சீமைக்குப் போவாரு. எனக்கு மிஞ்சுறது தூசித் தேயிலதான்."

நான் சிரிச்சேன். மிஸ் சிரிக்கல. என் கையப் பிடிச்சுக்கிச்சு.

அது போனப்புறம் மகனக் கூப்புட்டு, கருமாதிக்கு நாள் பாருடான்னேன். சரிஞ்ச எடத்துலேருந்து மண்ணு அள்ளிட்டு வந்தான். அவரு சட்டையில வச்சு மடிச்சோம். தாலி முடிச்சு இறுகிப் போயி அவுரல, நாத்தனாதான் பல்லால கடிச்சு அவுத்தா. அழுகை வரல எனக்கு. பசிச்சுச்சு.

மறுநா மலை ஊத்துப் பீலியில தண்ணி பிடிக்கையில பொம்பளைங்க சூழ்ந்துக்கிட்டாங்க. "அக்கா, மகன் சொல்லியே கேக்காத ஆளு நீங்க. அந்த மிஸ் அப்படி என்ன சொல்லுச்சு?"

"அது என்னத்த சொல்லுச்சு, கேட்டதுக்கெல்லாம் தெரியாது தெரியாதுன்னுச்சு. எனக்குக் கழுத்து அரிச்சுச்சு, கழட்டிட்டேன்"னு சொல்லிட்டு, கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.