பொன்னையாவும் ஜெசிந்தாவின் கேள்வியும்

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் பேக்கரியில் இரண்டாவது தட்டுப் பாண் அடுப்புக்குள் போனபோது தேவாலயப் பங்குக் காரியாலயத்திலிருந்து அழைப்பு வந்தது. "ஜெனரல் காலமாகிவிட்டார்" என்றார் செயலாளர் அம்மா. யாரைச் சொல்கிறார் என்று பிடிபட எனக்கு ஒரு கணம் ஆனது. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மாதாந்தத் தமிழ்ப் பூசைக்கு வரும் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நமக்கு அவர் பொன்னையா.

பங்கு மண்டபத்தின் சாவி அவரிடம் இருந்தது. அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் 'ஃபொன்' என்று தொடங்கியது. பின்னால் வந்த ஊர்ப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எங்களோடு பூசைக்கு வரும் யோசேப்பண்ணை அதைப் பார்த்துவிட்டு, "ஆரோ பொன்னையாவாம், அவரிட்டைத்தான் திறப்பு இருக்காம்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. 'ஃபொன்' என்பது ஜெர்மன் பிரபுக் குடும்பங்களின் பெயருக்கு முன்னால் வரும் சொல் என்று தெரிந்ததும் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதற்கு 'இருந்து' என்றுதான் அர்த்தம். அந்த ஊர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறது, எங்கள் மாளிகையும் இல்லை. நீங்கள் வைத்த பெயரே நல்லது" என்றார்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பதினைந்து வயதில் தாயோடு கிழக்கிலிருந்து ஓடிவந்து, ஒரு விவசாயியின் மாட்டுத் தொழுவத்துக்கு மேலிருந்த அறையில் நான்கு வருடம் அகதியாக இருந்தவர். போருக்குப் பின் புதிய இராணுவம் உருவானபோது சேர்ந்து, வழங்கல் பிரிவிலேயே படிப்படியாக ஏறி ஜெனரலானார். அவரையொத்த பிரபு வீட்டுப் பிள்ளைகள் டாங்கிகளில் போக, இவர் பாணும் காலுக்குச் சப்பாத்தும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருமுறை பயிற்சியின்போது விதைத்த வயலுக்குள்ளால் லொறிகளை விடும்படி மேலதிகாரி உத்தரவிட, இவர் மறுத்துச் சுற்றுப் பாதையால் அனுப்பினார். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. "நான் ஒரு விவசாயியின் உருளைக்கிழங்கில் வளர்ந்தவன்" என்று மட்டும் சொல்வார்.

நமது டிசம்பர் நத்தார் விருந்தில் அவர் செய்த அட்டகாசத்தை மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தைகள் இருந்த பின் மேசைகளுக்கு முதலில் சாப்பாடு அனுப்ப வைத்தார். "அதிகாரி கடைசியில்தான் சாப்பிட வேண்டும்" என்று அவர் காத்திருக்க, மிஞ்சியது சோற்றுக்கு ஊற்றும் சொதி மட்டுமே. அதைச் சூப் என்று நினைத்து இரண்டு கோப்பை குடித்தார்.

என் மனைவி ஜெசிந்தா மட்டும் அவரோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மன்னாரில் அவள் தம்பியைச் சோதனைச் சாவடியில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பி வரவில்லை. "ஆமிக்காரன் எண்டா ஆமிக்காரன்தான். ஜெர்மன்காரன் எண்டா என்ன?" என்பாள். அவர் மண்டபத்துக்குள் வந்தால் இவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அவரும் அதைக் கவனித்துச் சாவியை யன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போவார். ஐந்து வருடம் இப்படியே போனது. இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஊரில் போர்நிறுத்தம் வந்திருந்த காலம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, சாவிக்காக வந்தவர் முன்னால் ஜெசிந்தா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அவர் ஆரையாவது சுட்டவரோ எண்டு கேளுங்கோ."

"என்னால ஏலாதப்பா" என்றேன்.

"கேளுங்கோ."

ஜெர்மனில் கேட்டேன். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "போரின் கடைசி வாரங்களில், பதினைந்து வயதில், என் கையில் துப்பாக்கியைத் தந்தார்கள். வயலுக்கு அப்பால் ஒருவன் ஓடினான். சுட்டேன். விழுந்தான். எழுந்தானா என்று பார்க்க நான் நிற்கவில்லை. ஜெனரலான பிறகு 'சுடு' என்று ஒருமுறையும் சொல்ல நேரவில்லை. அது என் அதிர்ஷ்டம், பெருமை அல்ல." பிறகு, "நீங்கள் யாரை இழந்தீர்கள்?" என்று அவளிடம் கேட்டார்.

"என்ரை தம்பி. அன்ரன்."

இந்த நாட்டில் அந்தப் பெயரை எங்களிடம் விசாரித்தவர் அவர் ஒருவரே. அகதி விண்ணப்பத்தில்கூடச் 'சகோதரர்' என்றுதான் எழுதியிருந்தோம். அந்த நவம்பரில், இறந்தோருக்கான பூசையில், பங்கின் பெயர்ப் பட்டியலை வழக்கம்போல் பொன்னையா வாசித்தார். ஜெர்மன் பெயர்களுக்கு நடுவே அன்ரன் பெயரும், ஜெசிந்தாவின் தகப்பனாரின் பெயரும் தப்புத்தப்பாக வந்தன. ஜெசிந்தா அழுதாள். நானும் அழுதேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் வாசித்தார்.

சனிக்கிழமை அடக்கம். சீருடைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிவந்தபோது ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள், முகத்தைத் திருப்பவில்லை.

மறைக்காமல் அவர் சொன்ன பதிலை நான் வைத்துக்கொள்கிறேன். மொழிபெயர்க்கப் பயந்த என்னைவிட, கேட்டவளும் சொன்னவரும் துணிந்தவர்கள்.

இந்த நவம்பரில் பட்டியலை யார் வாசிப்பது என்று நேற்றுச் செயலாளர் அம்மா கேட்டார். "நான் வாசிக்கிறன்" என்றாள் ஜெசிந்தா. "என்ரை ஜெர்மன் பிழைச்சாலும் பரவாயில்லை, அவர் வாசிச்ச தமிழும் பிழைதானே." அவர் பெயரோடு பதவியையும் போடுவதா என்று செயலாளர் அம்மா தயங்கினார்.

"போடச் சொல்லுங்கோ" என்றாள் என்னிடம். "அவர் ஆமிக்காரன்தானே. ஜெனரல் எண்டே வாசிக்கிறன்."