கூண்டுக்குப் போட்ட மாலை

பைக்காரா கரண்ட் எங்கள் பக்கம் வந்த புதிது. காரமடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டுவிழாவில், அடியில் தீ வைத்தால் சூட்டில் மேலே எழும்பும் காகிதக் கூண்டு ஒன்றை வானத்தில் விடுவதென்று வகுப்புப் பிள்ளைகளே முடிவு செய்தோம். யோசனை கூடப் படித்த என் அத்தை மகனுடையது. வேலை என்னுடையது.

பட்டக் காகிதத்தை வெட்டி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, ஆளுயரத்துக்கு மேல் ஒட்டினேன். அடியில் மூங்கில் வளையம், அதன் நடுவே கம்பியில் சீமெண்ணெய்ப் பஞ்சு. பருத்திக் காட்டில் நூல் கட்டி விட்டுப் பார்த்தபோது ஜோராக எழும்பியது. வளையத்தில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டினால் எழும்பவில்லை. இதை அவனிடம் சொல்லப் போனேன். "எல்லாந் தெரியும், போ புள்ளே" என்றான்.

பஞ்சைப் பற்றவைப்பது நான் என்று பேச்சு. வாய் திறக்கவே கூசும் எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

விழாவன்று ஊரே கூடியிருந்தது. அவன் என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"நீ ஆரத்தித் தட்டப் புடிச்சுக்கிட்டு பொம்பளைங்களோட நில்லு."

"நாந்தான் பத்தவெக்கறதுன்னு சொன்னீங்களே மச்சான்?"

"இதென்ன உங்க ஊட்டு அடுப்பா? ஊரே சிரிச்சுப்போடும்."

பையன்கள் சிரித்தார்கள். பெரிய வாத்தியாரிடம், "பூராவும் நாந்தானுங்க செஞ்சேன்" என்று வேறு சொன்னான்.

தட்டில் விருந்தாளிக்கு வைத்திருந்த செவ்வந்தி மாலை கனமாகக் கிடந்தது. எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினாலும் மாலை போடாமல் நகர்த்தமாட்டார்கள். நான் தட்டோடு முன்னால் போனேன்.

"மச்சான், கூண்டுக்கு மாலை போடலீங்களா?"

"அட, ஆமாங் கண்ணு! புதுசுக்கு மாலை இல்லாமயா?" என்றார் பெரிய வாத்தியார்.

அவன் மாலையை வளையத்தில் மாட்டிப் பஞ்சைப் பற்றவைத்தான். கூண்டு உப்பியது, எழும்பவில்லை. கையால் தள்ளிவிட்டான். மாலை இழுத்த பக்கம் சாய்ந்தது, தீ காகிதத்தைத் தொட்டது. கண் மூடித் திறப்பதற்குள் கரி.

"பூராவும் நீதானே செஞ்சே?" என்று பெரிய வாத்தியார் எல்லார் முன்னிலும் கேட்டார்.

இல்லையென்று சொல்ல அவனுக்கு வழியில்லை. "ஆமாமுங்க" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

என் உழைப்பும் சேர்ந்துதான் எரிந்தது. எரியட்டும்.

இப்போது மச்சான் பெரிய மனிதர். எந்த விழாவுக்குப் போனாலும் மாலை போடுகிறார்கள். மாலை கழுத்தில் விழுந்ததும் அவர் கண் கூட்டத்தில் என்னைத் தேடும். கூட்டம் என்றால் இன்னும் எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் அதற்காகவே போகிறேன்.