குடிக்கக் கேட்கிற அளவுக்கு இத்தாலி

மகள் கட்டப்போகிற பையன் இத்தாலியன். அவனுடைய தாய் தகப்பனுக்கு டொச், அதுதான் ஜெர்மன், ஒரு சொல்லும் வராது. சம்பந்தியைக் கூப்பிட்டு இருத்திவிட்டு, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதா? எனக்கு அது பெரிய மானக்கேடாகப் பட்டது. ஒரு மாதமாக, வேலைக்குப் போகிற டிராமில் போனை வைத்து இத்தாலி பாடமாக்கினேன். தண்ணீர் கேட்க, வைன் கேட்க, கோப்பி கேட்க. அதற்கு மேல் போவதற்குள் நாள் வந்துவிட்டது.

கொலோனில் ஓர் இத்தாலிய உணவகம். எர்லாங்கனிலிருந்து மகளும் பையனும் வரவேண்டிய ரயில் வழக்கம்போலப் பிந்தியது. நானும் மனைவியும் சம்பந்திகளும் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பரிமாறுகிறவரிடம் இத்தாலியில் ஆரம்பித்தேன். அவர் டொச்சில் பதில் சொன்னார். மறுபடியும் இத்தாலியில் கேட்டேன். மனிதர் என் காதருகே குனிந்தார்.

"அண்ணை, தமிழில சொல்லுங்கோ. எனக்கு இத்தாலி மெனு கார்டில இருக்கிற அளவுதான்."

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. "ஏலாது. ஒரு மாசம் மினக்கெட்டுப் படிச்சனான். பேசாமக் கேளும்," என்றுவிட்டு, நான்கு பேருக்கும் இத்தாலியிலேயே சொல்லி முடித்தேன்.

ஆப்பிழுத்த குரங்கின் கதையாகிவிட்டது. எனக்கு மொழி முழுவதும் தெரியும் என்று நினைத்து, சம்பந்தி கதிரையை இழுத்துப்போட்டுப் பேசத் தொடங்கினார். ஓர் இழவும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லக்கூட அந்தப் பாழாய்ப்போன போன் படிப்பித்திருக்கவில்லை. ஓம் என்பதற்கு மட்டும் சொல் தெரியும். "ஸி, ஸி" என்று தலையாட்டினேன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"சும்மா சுகம் விசாரிக்கிறார்."

கடைசியில் அவர் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அதற்கும் "ஸி". உடனே அவருடைய மனைவி எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

பையன் பின்னால் வர, மகள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். சம்பந்தி அவளிடம் என்னவோ சொன்னார். அவள் கைப்பையைக்கூட இறக்காமல் என்னிடம் திரும்பினாள்.

"அப்பா, கலியாணம் முடிய நாங்கள் இத்தாலியில போய் இருக்கிறதுக்கு ஓம் எண்டனீங்களாம். உண்மையோ? உங்களிட்டக் கேக்கப் பயந்து ஆறு மாசமா வாய் திறக்காம இருந்தனான்."

எங்களுக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளை. வந்த கோபத்துக்கு மேசையையே புரட்டியிருப்பேன். தமிழிலும் டொச்சிலும் முடியாது என்று சொல்ல எனக்கு நன்றாகவே தெரியும். அவள் கண் கலங்கி நின்றாள்.

"ஓம்," என்றேன். இந்த முறை விளங்கித்தான் சொன்னேன்.