பச்சை எரியாமல் யாரும் மேலே போக முடியாது

ரஸ்ஸல் கல்மகோஃபின் முதுகுப்பையைப் பார்க்கிறவர்களுக்கு, இந்த மனுஷன் மலைக்குப் பனி வண்டி ஓட்டப் போகிறாரா, வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறாரா என்று சந்தேகம் வந்துவிடும். பனி அள்ள ஷவல், புதைந்தவனைப் பனியில் குத்தித் தேட மடக்குக் கம்பி, கைரம்பம், கயிறு, தீப்பெட்டி, அது நனைந்துபோனால் இன்னொரு தீப்பெட்டி, போதாததற்கு நாலைந்து ஜோடி காலுறை. காலுறை அவருக்கு இல்லை. கொண்டுவராமல் வந்து நடுங்கப்போகிற எவனோ ஒரு முட்டாளுக்கு.

கூட்டனி என்கிற அந்தப் பனிமலைப் பக்கம் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி ஊர் மேலேதான் இருக்கும். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். நெஞ்சில் சிக்னல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதைத் தாண்டினால் பச்சை விளக்கு எரியும். பெட்டி இல்லையென்றால் சிவப்பு. பனிச்சரிவில் புதைந்துபோனவனை அந்தச் சிக்னலை வைத்துத்தான் தேடித் தோண்ட வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில் ரஸ்ஸல் நிற்பார். வாரம் முழுக்க மர ஆலையில் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிற சாதுவான மனிதர், அங்கே நின்றால் எமனே வந்தாலும் "பெட்டி எங்கே?" என்று கேட்பார். பனி வண்டிச் சங்கத் தலைவரையே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவரிடம் அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர் அவருடைய உயிர் நண்பர் அலெக் ஸ்ட்ரெலேஃப். அலெக்குக்குப் பெட்டி ஞாபகமே இருக்காது.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுடா, ரஸ்ஸல்!"

"சிவப்பு எரியுதுடா. வண்டியத் திருப்பு."

"நான் புதைஞ்சா சிகரெட் வாசனை வரும். மோந்து பாத்துத் தோண்டு!"

தொல்லை தாங்காமல் ஒரு வருஷம் அலெக் பெட்டியை வண்டியின் சீட்டுக்கடியில் போட்டுவிட்டார். கம்பம் ஏமாந்து பச்சை காட்டியது. அன்றைக்கு மேலே பனி சரிந்து, அலெக் இறங்கிப் போயிருந்த வண்டியை மூடியது. சிக்னலை நம்பி ரஸ்ஸல் கையில் ரத்தம் வரத் தோண்டிச் சீட்டையும் இரண்டு சாண்ட்விச்சையும் மீட்டார். அலெக் பின்னால் வந்து நின்று, "ஏம்ப்பா, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். அன்று முதல், பெட்டி உடம்பில்தான் இருக்க வேண்டும், பையிலோ வண்டியிலோ இருந்தால் செல்லாது என்று ரஸ்ஸல் சட்டம் போட்டார். ஒரு மாதம் அலெக்கோடு பேசவும் இல்லை.

இவ்வளவு ஆட்டம் போட்ட அலெக்கை மலை ஒன்றும் செய்யவில்லை. இந்த இலையுதிர் காலத்தில், வீட்டில் டிவியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சடைத்துப் போய்விட்டார். தன் சாம்பலை மலையுச்சியில் ரஸ்ஸல்தான் தூவ வேண்டும் என்று மனைவி வெர்னாவிடம் சொல்லி வைத்திருந்தார். வெர்னா திங்கட்கிழமை கடற்கரைப் பக்கம் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாள். ஞாயிறு மதியத்துக்கு மேல் புயல் என்று வானிலை அறிக்கை. ஆக, இந்த ஞாயிறு காலையை விட்டால் வேறு நேரம் இல்லை.

வெர்னா சாம்பலை அலெக்கின் பெரிய பிளாஸ்க்கில் போட்டு, அவருடைய கம்பளி மப்ளரால் சுற்றிக் கொடுத்திருந்தாள். ரஸ்ஸலின் பையில் அதற்கு இடம் இருந்தால்தானே! காலையில் சமையலறை மேசைமேல் எல்லாவற்றையும் கொட்டி, எடுத்து, திணித்து, திட்டி, ஒருவழியாக மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கம்பத்தருகே கோர்ட் என்கிற வாயாடி, பையிலிருந்து எட்டிப் பார்த்த மூடியைப் பார்த்துக் கையை நீட்டினான். "பிளாஸ்க்ல காபியா? கொஞ்சம் ஊத்துங்க."

"அது அலெக்."

கோர்ட் கையை இழுத்துக்கொண்டான்.

ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். எல்லாருக்கும் பச்சை. கடைசியில் ரஸ்ஸல் தாண்டினார். பச்சை. பழக்கதோஷத்தில் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். தட்டிய இடத்தில் ஜாக்கெட்டும் சட்டையும் மட்டும்தான் இருந்தன.

பெட்டி இல்லை. புது பேட்டரி போட்டு மேசைமேல் வைத்த பெட்டி, அங்கேயே ரொட்டிக்கூடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்படியானால் பச்சை எப்படி எரிந்தது? பையை இறக்கினார். பிளாஸ்க்கை எடுத்து மப்ளரைப் பிரித்தார். உள்ளே அலெக்கின் சிக்னல் பெட்டி இறுக்கமாகக் கட்டப்பட்டு, சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

வழியனுப்ப வந்திருந்த வெர்னா, "நான்தான் கட்டினேன். பெட்டி இல்லாம வந்தா நீ அவரையும் திருப்பி அனுப்பிடுவியே!" என்றாள்.

கோர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "செத்தவன் பாஸ், இருக்கிறவன் ஃபெயில்!"

ரஸ்ஸல் சிரிக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பச்சை எரிந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"எரிஞ்சது எனக்கில்ல, அலெக்குக்கு. நான் போக முடியாது, வெர்னா. வேற யாராவது எடுத்துட்டுப் போகட்டும்."

"அவர் உன்னைத்தான் சொன்னாரு."

"வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள புயல் வந்துடும். அலெக்கோட பெட்டிய நான் கழட்டமாட்டேன். வாழ்க்கையிலேயே இன்னைக்குத்தான் ஒழுங்கா கட்டிட்டு வந்திருக்கான்!"

வெர்னா பிளாஸ்க்கிலிருந்து பெட்டியை அவிழ்த்தாள். ரஸ்ஸலின் ஜாக்கெட்டைத் திறந்து, குழந்தைக்குக் கட்டுவதுபோல அவர் நெஞ்சில் வாரை இழுத்து மாட்டினாள்.

"இது திரும்பி வர்றவங்களுக்குத்தான்யா வேணும். நீ திரும்பி வரணும். சூப் சூடு பண்ணி வைக்கிறேன்."

ரஸ்ஸல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்பத்தை இன்னொரு முறை தாண்டினார். பச்சை. பிறகு பெட்டி இல்லாத பிளாஸ்க்கைப் பையில் வைத்து வாரை இழுத்துக் கட்டினார். வண்டியைக் கிளப்புமுன் பையைத் தட்டிக் கொடுத்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்டா" என்றார்.